காலையில் குதிரை

அன்புள்ள டோரீன்,

"நீ மூச்சு வாங்கிப் படியேறுறத என்னால பாத்துக்கிட்டிருக்க முடியாது. தரைத்தளத்துல வீடு கிடைச்சதும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாய். இங்கே லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.

இன்று காலை நகரக் கவுன்சில் ஊழியர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சாதித்துக் குப்பை லாரி வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். பிற்பகல், நெஞ்சு நோயாளி என்று முன்னுரிமையில் கவுன்சிலின் தரைத்தள வீடு கேட்கப் போனால், அதே நாற்காலியில் அதே டாக்டர் ஹார்க்னஸ். கவுன்சிலுக்கு ஒரே டாக்டர்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"காலைல குதிரை மாதிரி இருந்தீங்களே, அதுக்குள்ள என்ன ஆச்சு?" என்றார். "ரெண்டுல ஒண்ணத்தான் நான் எழுத முடியும். எதை எழுதட்டும்?"

குதிரையையே எழுதச் சொன்னேன்.

இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இரு. எனக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நம் வீட்டுக்கு இன்னும் ஆறு மாடி.

இப்படிக்கு,
உன் குதிரை