ஏற்காட்டில் தின்ற இரண்டாவது பழம்

என்னை ஊர் ஊராய்க் கூட்டிப்போய், என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட என் அன்பானவருக்கு,

நான் மீனையும் பழத்தையும் விட்டுவிட்டேன், உங்கள் நினைவாக விரதம் எடுத்திருக்கிறேன் என்று ஆம்பூர் முழுக்கப் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. நான் எந்த விரதமும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நம் பங்குச் சுவாமியார் என் பெயரைச் சொல்லாமல், என்னையே பார்த்தபடி, "இந்த ஊரிலேயே ஒரு விதவைத் தாய்" என்று பிரசங்கத்தைத் தொடங்கினார். அப்போதே எழுந்து நின்று மறுத்திருக்க வேண்டும். முழங்கால் வலி. தவிர, இந்த ஊர் என்னை இவ்வளவு நல்லவளாக நினைத்தது அதுதான் முதல் தடவை.

நடந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். இதைக் கோயில் பத்திரிகையில் அச்சிடும்படி கேட்டிருக்கிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

உங்களுக்கு வாசனை தெரியாது என்பது நம் இருவரோடு இருந்த விஷயம். சிறு வயதிலிருந்தே தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழிக்கும் ஆவாரம்பட்டைத் தொட்டிக்கும் நடுவில் வளர்ந்தவர் நீங்கள். கல்யாணமான புதிதில் என் தலையிலிருந்த மல்லிகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நான் அழுதேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. பச்சைத் தோல் வாங்க முதலாளி உங்களை வெளியூர் அனுப்பும்போதெல்லாம் என்னையும் கூட்டிப்போனீர்கள். மனைவியைப் பிரிய முடியாதவர் என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். நீங்கள் என் மூக்கைப் பிரிய முடியாதவர் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பழவேற்காட்டு மீன்காரி நினைவிருக்கிறதா? ஆட்டுத் தோலைத் தரம் பார்ப்பதுபோல் நீங்கள் மடவை மீனின் வயிற்றைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தீர்கள்.

"இன்னா நாயினா, மீனு வாங்க வந்தியா, செருப்பு தைக்க வந்தியா?" என்றாள்.

"தோலு நல்லா இருந்தா உள்ள இருக்கிறதும் நல்லா இருக்கும்மா" என்றீர்கள்.

நான் செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தேன். "வூட்டுக்காரம்மா கண்ணு வைக்கல, மூக்கு வைக்குது" என்று அவள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அடுத்த கூடையில்தான் வாங்கினோம்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்பீர்கள். "இன்னா வாசனை, சொல்லு செசிலி." நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். எங்கள் மடத்துப் பள்ளிக் கன்னியரும் அப்படித்தான், "நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுவார்கள். ஆகவே யோசித்துச் சொல்வேன். கோழிக்கோட்டில் பாறையிலிருந்து பெயர்த்து வந்த கல்லுமேல்காய்ச் சிப்பிக்கு, மழையில் நனைந்த இரும்புக் கதவு. பரங்கிப்பேட்டை முந்திரிப்பழத்துக்கு, பலாப்பழம் அறுத்த இடத்தில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி. அந்தப் பழம் பறித்த அன்று பொழுது சாய்வதற்குள் அழுகிவிடும், எந்த ஊர்ச் சந்தைக்கும் வராது. அதனால்தான் நாம் அங்கே போனோம். நீங்கள் தொண்டை கரகரக்கத் தின்றுவிட்டு, "உன் படிப்பு வீண் போகல" என்று சிரித்தீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஏற்காட்டுப் பழத்தை. வெளிறிய மஞ்சளாய், உள்ளே கொட்டை ஆடுகிற அந்தப் பன்னீர்ப் பழம். ஒன்றைக் கடித்து, "வெறும் தண்ணி. இதுக்கா மலை ஏறினோம்?" என்றீர்கள். நான் கோபித்துக்கொண்டேன். கல்யாண வீட்டு வாசலில் வெள்ளிச் செம்பிலிருந்து முகத்தில் தெளிப்பார்களே, அந்தப் பன்னீர், அது மேலே பட்டதும் ஒரு சிலிர்ப்பு வருமே, அதுதான் இது என்று சொன்னேன். நீங்கள் இரண்டாவது பழத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றீர்கள். மெதுவாக மென்றீர்கள். "ஆமா. இப்பத் தெரியுது" என்றீர்கள்.

போன கோடையில் பக்கத்து வீட்டு ஜுலேகா பீ ஒரு கூடை கொண்டுவந்தாள். அதே பழம்.

"மருமகன் சேலத்துலேர்ந்து கொண்டாந்தான்மா. வாசனை ஜாஸ்தி, ரூமே மணக்குது."

கடித்தேன். தண்ணீர். இன்னொன்றைக் கடித்தேன். அதுவும் தண்ணீர்.

"பழசு போலிருக்கு. வாசனை கம்மி" என்றேன்.

"இன்னாம்மா சொல்றீங்க? அத்தர் பாட்டில் கவுந்த மாதிரி இருக்குது!"

காம்பைப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. குறை பழத்தில் இல்லை. மார்கழிக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனை தெரிவது போயிருக்க வேண்டும் என்று பிற்பாடு வேலூர் டாக்டர் சொன்னார். திரும்பி வருமா என்று கேட்டேன். என் வயதைக் கேட்டார். வேறு ஊராக இருந்தால் முன்னமே தெரிந்திருக்கும். இங்கே ஷாப்பு நாற்றம் தெரியவில்லையென்றால், பழகிவிட்டது என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம்?

பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். ஜுலேகா பீ என்னை விடக் கலங்கிப்போனாள். "சாயபு ஞாபகம் வந்துடுச்சா? பேஜார் பண்ணிட்டேனே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையை எடுத்துப்போனாள். உங்களைக் கடைசிவரை சாயபு என்றுதான் சொன்னாள், திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துவிட்டேன். மறுநாள் தெருவில் எனக்கு விரதம் பிறந்துவிட்டது. முகர்ந்து பார்க்காத மீனை நான் வாங்குவதில்லை, இனி முகரவும் முடியாது. அதனால் மீனும் நின்றது. விரதம் உறுதியாகிவிட்டது.

இப்போது நான் சாப்பிடுவது எல்லாம் சூடு, உப்பு, புளிப்பு, அவ்வளவுதான். இருந்தும் உட்கார்ந்து முடித்துவிடுகிறேன். இத்தனை வருஷம் நீங்கள் சாப்பிட்டது இதைத்தானா? ஏற்காட்டில் இரண்டாவது பழம் உண்மையிலேயே தெரிந்ததா, எனக்காகச் சொன்னீர்களா? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. நான் சொல்லச் சொல்ல உங்கள் நாக்கில் ஏதோ வந்தது என்றால், நான் கூட வந்ததற்கு ஒரு அர்த்தம் உண்டு. வரவில்லை என்றால், ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க என்னைத் திருப்திப்படுத்தத் தலையாட்டியிருக்கிறார்.

தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருக்கிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்ல வேண்டும்.

நம் மகன் அருளப்பனுக்கு உங்கள் மூக்கின் வடிவமும் என் மூக்கின் வேலையும் வாய்த்திருக்கிறது. சென்னைப் பட்டணத்து ஆபீசில் உட்கார்ந்ததால் அது பிழைத்தது. கிறிஸ்துமசுக்கு வந்தபோது, முந்திரிப்பழக் காலத்தில் என்னைப் பரங்கிப்பேட்டைக்குக் கூட்டிப்போ என்றேன். காரணம் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், அதற்கு மேல் வாய் வரவில்லை.

"இன்னாம்மா, விரதத்துல இருக்கிறவங்க பழம் தேடிப் போறதா? ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஊர் இன்னா சொல்லும்?" என்றான். ரயில் ஏறும்போது, "பாக்கலாம்மா" என்றான். பாக்கலாம் என்பது பதிலா?

ஈஸ்டர் முடிந்ததும் காட்பாடியில் வண்டி மாறி, விழுப்புரம் வழியாகப் போய்விடலாம். அங்கே முதல் பழத்தை நானாகத் தின்பேன். இரண்டாவதை, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு தின்பேன். தெரிந்தால் தெரிந்தது என்றும், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றும் உங்கள் கல்லறைக்கு வந்து நேராகச் சொல்கிறேன். உங்களைப் போல இதமாகச் சொல்ல எனக்கு வராது. உண்மையைச் சொல்வேன், இது சத்தியம்.

அருளப்பா, இதை நீயும் படிப்பாய். விரதம் இல்லை என்று உன் ஆபீசில் சொல்லிவிடு. என்னோடு வருகிறாயா, இல்லையா? யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்கு எழுத்தில் பதில் போடு.

உங்கள் மனைவி, அவன் தாய்,
செசிலி