சின்னவளின் கையும் என் வாயும்

ஜனவரி 6

காலையில் கொட்டகையைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு தூவி, புது வைக்கோல் பரப்பினேன். பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் குட்டி விழும் என்று என் கணக்கு. கணக்கு என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, கையில் ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் கிடாவை விட்டபோது அதன் நெஞ்சில் சிவப்புச் சாயம் பூசிவிட்டோம். எந்த ஆட்டின் முதுகில் சாயம் ஒட்டியிருக்கிறதோ, அதன் பெயரை அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து எழுதி, ஆணியில் குத்தி வைத்தேன். பதின்மூன்று ஆட்டுக்குப் பதின்மூன்று தாள். ஐந்து மாதம் கூட்டினால் ஈனும் நாள். இன்று பார்த்தால் ஆணி மொட்டையாக நிற்கிறது.

"ஏங்க, இங்க இருந்த தாளெல்லாம் எங்க?"

இவருக்கு சைக்கிள் கடை. "அந்தப் பழைய தாளா? நட்டு போல்ட்டு மடிச்சுக் குடுக்க எடுத்துட்டுப் போனேனே" என்றார், ஏதோ பெரிய உதவி செய்தவர் மாதிரி.

இந்நேரம் என் ஆடுகளின் பிரசவத் தேதியெல்லாம் கண்டவர் சட்டைப்பையில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். போன வருஷம் வரை இந்தத் தொல்லையே இல்லை. எல்லாத் தேதியும் சின்னவளின் மண்டையில் இருக்கும்.

ஜனவரி 7

அவளைப் பற்றி எழுதக் கூடாது என்று இருந்தேன். நேற்று தன்னால் வந்துவிட்டது. ஓரகத்தி என்றால் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, அவ்வளவுதான் — இந்த எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வது இது.

எதிரெதிர் வீடு, நடுவில் ஒரே முற்றம், ஒரே கொட்டகை. மே மாதம் சண்டை வந்ததும் இருபத்தாறு ஆட்டையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, கொட்டகைக்கு நடுவே மார்பளவு பலகைத் தடுப்பு வைத்தோம். வைத்தது யார்? அண்ணனும் தம்பியும். ஒருவர் ஆணி எடுத்துக் கொடுக்க, மற்றவர் அடிக்க, சீட்டி வேறு. வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். மானம் கெட்ட ஜென்மங்கள். பொண்டாட்டிகள் முகம் பார்க்காமல் இருக்கிறோம், இவர்களுக்கு ஒரே பெஞ்சில் டீ.

சண்டை மொட்டைக்காதால் வந்தது. நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு அது. இரண்டு வருஷம் சினையே பிடிக்கவில்லை. என்ன செய்யலாம் என்று சின்னவள் கேட்டாள். ஏதோ எரிச்சலில் இருந்தேன், "என்னமோ செய், என்னைக் கேக்காதே" என்றேன். செய்துவிட்டாள். வியாபாரி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

அதுதான் சண்டை.

ஜனவரி 14

வாயாடி ஈன்றாள். ஒன்றுக்கு இரண்டு. நான் கஞ்சி குடித்துவிட்டு வருவதற்குள் தானே போட்டு, தானே நக்கி, "எங்கே போனாய்?" என்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கத்தினாள். ஒரு குட்டிக்குக் குளிரில் நடுக்கம். இவர் தன்னுடைய பழைய கம்பளிக் காலுறையில் நுனியை வெட்டி, நான்கு ஓட்டை போட்டு, சட்டையாக மாட்டிவிட்டார். தாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டது. இவர் காலுறை வாடையைச் சகித்துக்கொள்ள நான் ஒருத்திதான் வரம் வாங்கி வந்திருக்கிறேன். கழற்றிய பிறகுதான் பால் கொடுத்தது.

சிரிப்பு அடங்கவில்லை. சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

ஜனவரி 15

முதல் குட்டி விழுந்துவிட்டால் பழசெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சின்னவள் கல்யாணமாகி வந்த மூன்றாம் வாரம். இருபத்திரண்டு வயது, கையில் மருதாணி இன்னும் போகவில்லை. ஒரு ஆட்டுக்குக் குட்டி குறுக்கே கிடக்கிறது. என் கை மண்வெட்டி மாதிரி, உள்ளே போகாது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் பார்க்கட்டாக்கா?" என்றாள். அதற்கு முன் ஆட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லையாம். வளையலைக் கழற்றி என் மடியில் போட்டாள், சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினாள், கண்ணை மூடிக்கொண்டாள். "கால் ஒண்ணு கிடைக்குது… இது முன்னங்கால்… இரு, இரு, மூக்கு!" — உள்ளே இருக்கிற குட்டியோடு பேசிக்கொண்டே வெளியே கொண்டுவந்தாள்.

அன்றிலிருந்து இருபத்தோரு வருஷம், தலையைப் பிடிப்பது நான், கையை விடுவது அவள். ஓயாமல் மழை பெய்த வருஷம் ஏழு குட்டிகளை என் சமையலறைக்குள் வைத்துக் காப்பாற்றினோம். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒரே டம்ளரில் மாற்றி மாற்றி டீ குடித்தோம். எதைச் சொல்லி அப்படிச் சிரித்தோம் என்று இப்போது ஞாபகம் இல்லை. வயிறு வலித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஜனவரி 16

இன்று ஒன்றும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு ஈன்றிருக்கின்றன. எட்டிப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஜனவரி 19

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்குச் சீமாட்டிக்குப் பனிக்குடம் உடைந்தது. ஒன்றரைக்கு முன்னங்கால் இரண்டும் தெரிந்தன. மூக்கைக் காணோம். குட்டி தலையைப் பின்னால் திருப்பிக்கொண்டு கிடக்கிறது. இது எனக்குத் தெரியாததா? கால்களை உள்ளே தள்ளி, தலையைப் பிடித்து முன்னால் திருப்ப வேண்டும். எண்ணெய் தடவிக் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. சீமாட்டி அலறினாள். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டால், "தூரத்துல ஒரு மாடு பார்த்துட்டிருக்கேம்மா, வர ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றார்.

இவர் சொன்னார்: "அவளைக் கூப்பிடு."

"வேணாம்."

"அங்கதான் நிக்கிறா பாரு."

தெரியும். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் செருப்பு தேய்கிற சத்தம் அப்போதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. அவளும் வரவில்லை, போகவும் இல்லை. நான் கூப்பிட்டால் என்ன குறைந்துபோயிருப்பேன்? தலையிலிருந்து கிரீடம் விழுந்துவிடுமா? அரை மணி நேரம்… முக்கால் மணி நேரம். சீமாட்டி கத்துவதை நிறுத்திவிட்டாள். அதுதான் பயம். 

"அடியே!" என்று கத்தினேன். வேறு வார்த்தை வரவில்லை.

தடுப்பைத் தாண்டிக் குதித்தே வந்துவிட்டாள், நாற்பத்து மூன்று வயதில். கை ஏற்கெனவே கழுவியிருந்தது. முழங்கை வரை சோப்பு நுரை. எவ்வளவு நேரமாக அப்படியே நின்றிருந்தாளோ! நான் தலையைப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை குட்டியோடு பேசவில்லை. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

முதல் குட்டி செத்துத்தான் வந்தது. வாயில் ஊதினாள், வைக்கோலால் தேய்த்தாள், பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது உயிரோடு வந்தது.

எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம்லக்கா."

ஜனவரி 20

செத்த குட்டியை மரத்தடியில் புதைத்தேன். என் வீராப்புக்குப் போன உயிர் அது. சீமாட்டி இன்னும் அதைத் தேடிக் கத்துகிறாள்.

இந்த நோட்டில்கூட நான் பொய்தான் எழுதியிருக்கிறேன். சண்டை ஆட்டை விற்றதால் வந்தது என்று. ஆட்டை விற்றதற்காக யாராவது எட்டு மாதம் பேசாமல் இருப்பார்களா? நான் சொன்னதுதான் காரணம். வியாபாரியின் வண்டி போன பிறகு முற்றத்தில் நின்று சொன்னேன், இரண்டு ஆண்பிள்ளைகளும் கேட்க: "குட்டி போடலைன்னு வித்துட்டியே, உனக்கும் அதே கதிதானடி? உன்னை யாராவது வித்தாங்களா?"

அவளுக்குக் குழந்தை இல்லை. எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பாதி ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனவளே நான்தான். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது என்று சொல்லிச் சனியின் மேல் பழி போடலாம். சொன்னது நான். வாய் என்னுது.

ஜனவரி 21

போனேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னேன்: "அன்னைக்கு நான் சொன்னது…"

"வேணாங்க்கா" என்றாள். தீவனத் தொட்டியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லாதீங்க. எனக்கு மனப்பாடமா இருக்கு."

"தப்புடி. பெரிய தப்பு."

"தப்புன்னு எனக்கும் தெரியும். மறந்துட்டேன்னு சொன்னா பொய். அதுக்காக ஒரு ஆடு சாகறதைப் பார்த்துட்டு நிக்கவும் முடியலை. அவ்வளவுதாங்க்கா."

வந்துவிட்டேன். வேறு என்ன எதிர்பார்த்தேன்? கட்டிப்பிடித்து அழுவாள் என்றா?

ஜனவரி 24

காலையில் தடுப்புக்கு மேல் ஒரு தலை. "வெள்ளைமூக்கிக்கு நாளைக்கு. தனியா கட்டுங்க." தலை மறைந்துவிட்டது.

ஜனவரி 25

வெள்ளைமூக்கி ஈன்றாள். சொன்னது சொன்னபடி.

பிப்ரவரி 2

இப்போது தினமும் ஒரு தலை, ஒரு தேதி. "உனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்கலாம் என்றால் வாய் வரவில்லை. என் வாயை நம்பி நான் எதையும் ஆரம்பிப்பதில்லை இப்போது.

கிடா மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது; இன்று அதை மாற்றிக் கட்ட அவள் பக்கம் போனேன். தீவன அறைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் வரிசையாக எழுதியிருக்கிறாள். அவள் ஆடு பதின்மூன்று. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே என் ஆடு பதின்மூன்று. ஆகஸ்டிலிருந்து, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபோது, தினமும் தடுப்புக்கு மேல் எட்டி, என் ஆடுகளின் முதுகில் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள்.

அங்கேயே நின்று அழுதேன். கிடா என் புடவைத் தலைப்பில் பாதியைத் தின்றுவிட்டது.

பிப்ரவரி 12

அவள் பக்கம் கடைசி ஆடு ஈனும் நாள். கூப்பிடாமலே போனேன். போ என்று சொல்லவில்லை. தலையைப் பிடித்தேன். கஷ்டமில்லாமல் விழுந்தது. சாக்கில் உட்கார்ந்து, தாய் குட்டியை நக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.  அவளாகவே ஆரம்பித்தாள்.

"மொட்டைக்காதை நான் எதுக்கு வித்தேன்னு நீங்க கேக்கவே இல்ல."

"சொல்லு."

"ஒவ்வொரு வருஷமும் மத்த ஆடு குட்டி போடும்போது அது பக்கத்துல போய் நிக்கும். அதுங்க குட்டியை நக்கும். முட்டித் தள்ளினாலும் திரும்ப வந்து நிக்கும். உங்க கண்ணுல அது படலை. என்னால பார்க்க முடியலைக்கா. தினமும் அதைப் பார்க்க முடியலை."

இருபத்தோரு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மொட்டைக்காது நக்குவதைப் பார்த்து, "பாரு, இதுக்கு எவ்வளவு பாசம்" என்று அவளிடமே சிரித்துச் சொன்னவள் நான். என்ன கண் இது? எதைப் பார்த்துக்கொண்டிருந்தது?

 

பிப்ரவரி 26

என் பக்கம் கடைசி ஆடும் நேற்று ஈன்றுவிட்டது. இந்த வருஷம் புட்டிப்பால் குட்டிகள் மூன்று.

காலையிலிருந்து சின்னவளோடு இரண்டு சண்டை. பால் சூடு போதாது என்று ஒன்று, தீவனத்தில் உப்பு அதிகம் என்று இன்னொன்று. மூன்றாவது எதற்கு வந்தது என்றே தெரியவில்லை. "உங்க வாய் இருக்கே…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். முகம் சிவந்துவிட்டது.

"நிறுத்தாதே, சொல்லு" என்றேன்.

"வேணாம்."

"சொல்லுடி. எனக்குத் தேவைதான்."

சொன்னாள். மே மாதத்திலிருந்து உள்ளே போட்டு வைத்திருந்ததெல்லாம் வந்தது. நான் சொன்ன அந்த வார்த்தை, அதைக் கேட்டுக் கொழுந்தன் மூன்று நாள் சாப்பிடாதது, அதற்கு முன்னால் எத்தனையோ வருஷமாக நான் யோசிக்காமல் சொன்ன சின்னச் சின்னதுகள். சிலது எனக்கு ஞாபகமே இல்லை. அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். நான் ஒரு குட்டியை மடியில் வைத்துப் பால் புகட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.  புட்டி காலியாகிவிட்டது. அவள் இன்னும் முடிக்கவில்லை. அடுத்த குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.