டப்பாவில் மிஞ்சிய சீட்டு

என் சண்டைக்காரி, என் உயிர் லூர்தக்காவுக்கு,

ஹாஸ்டல் மலரில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். "உங்க அக்காவப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க ரெஜினா" என்று மதர் சொன்னார். நல்ல வார்த்தையா? உன்னைப் பற்றியா? நீ கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்கு உன்னைப் பற்றி எழுத வரவில்லை, உன்னிடம் பேசத்தான் வருகிறது. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

நீ கண்ணை மூடியது கோடை லீவில். பிள்ளைகள் திரும்பி வந்தபோது உன் மேட்ரன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் கரண்டி பிடித்தவளை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பெண்கள் என்னை ஏமாற்றுகிற ஏமாற்று இருக்கிறதே, உன்னிடம் நடக்குமா? நீ ஒரு செருமல் செருமினால் போதும், மொத்த ஹாலும் படுத்துவிடும்.

இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் காவ்யா என்று ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். பாகூர்ப் பக்கம். அப்பா இல்லை. அம்மா செல்வி நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். பிள்ளையைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போக மனசில்லாமல் இங்கே கொண்டுவந்து விட்டாள். அது சாப்பிடவும் இல்லை, யாரோடும் சேரவும் இல்லை. தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். கிறிஸ்மஸ் லீவுக்குப் போனால் திரும்பி வராது, படிப்பு அதோடு போச்சு என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

டிசம்பர் வந்ததும் வழக்கம்போல கிறிஸ் மாம் விளையாட்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹாஸ்டலில் இருக்கிற எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவோம். ஆளுக்கு ஒரு சீட்டு. யார் பெயர் வருகிறதோ அவள் நம் பிள்ளை, நாம் அவளுடைய கிறிஸ் மாம். லீவு விடுகிற நாள் வரை அவளுக்குத் தெரியாமல் பூவோ மிட்டாயோ வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், முகம் காட்டக்கூடாது. கேக் வெட்டிய பிறகுதான் யாருக்கு யார் என்று சொல்வது. நீ மட்டும் டப்பாவில் கையே விடமாட்டாய். "எல்லாம் எடுங்கடி, மிச்சம் கெடக்கறது எம்புள்ள" என்பாய்.

இந்த முறை சீட்டு எழுதியவள் நான். என் பெயருக்கு முன்னால் உன் பெயரை எழுதியே பழகிய கை, அக்கா. எழுதியது, மடித்தது, போட்டது. எனக்குத் தெரியவே இல்லை.

கொஞ்ச நாளில் காவ்யா சாப்பிட ஆரம்பித்தாள். மதியம் கை கழுவிவிட்டு மாடிக்கு வந்தால் அவள் கட்டிலில் ஒரு துண்டு கனகாம்பரம், வாழைநாரின் ஈரம்கூடக் காயாமல். இன்னொரு நாள் கொட்டை எடுத்து வைத்த கமலா ஆரஞ்சுச் சுளை. பெரிய பெண்களில் எவளுக்கோ நல்ல மனசு, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். காவ்யாவையே கூப்பிட்டுக் கேட்டேன்.

"யாருடி உங்க கிறிஸ் மாம்? பாத்துட்டியா?"

"பாக்கல ஆன்ட்டி. பின்னாடி வந்து தல வாரி விடுவாங்க. நான் திரும்ப மாட்டேன்."

"ஏன்டி?"

"மூஞ்சப் பாக்கக்கூடாதுல்ல? பாத்துட்டா அப்பறம் வரமாட்டாங்க."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவள் தலையில் இருந்த பூவைச் சும்மா தொட்டுப் பார்த்தேன். நார் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. நீ இடது கைக்காரி. உன் கட்டு மட்டும்தான் எல்லார் கட்டுக்கும் எதிராகச் சுற்றும், பெரிய மார்க்கெட் பூக்காரம்மாகூட அதைச் சொல்லிக் கேலி செய்வாள். பட்டப்பகலில், ஜன்னலெல்லாம் திறந்திருந்த மாடியில், பூவைத் தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அன்றைக்கு ஸ்டடி நேரத்தில் பெஞ்ச் பெஞ்சாக நடந்து எழுதுகிற கைகளைப் பார்த்தேன். ஒருத்திகூட இடது கைக்காரி இல்லை.

லீவு விடுகிற நாள் காலையில் கேக் வெட்டினோம். ஒவ்வொருத்தியாக எழுந்து தன் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். ஒரே கூச்சல், கட்டிப்பிடி, அழுகை. பன்னிரண்டாம் வகுப்பு ஜூலி எழுந்து, "எனக்கு லூர்து ஆன்ட்டி பேரு வந்துச்சு" என்றாள். "நீங்க வேணும்னேதான் போட்டீங்கன்னு நெனச்சேன் ஆன்ட்டி. தெனமும் அவங்க போட்டோ கிட்ட மெழுகுவத்தி வெச்சேன்."

நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். டப்பாவின் அடியில் ஒரு சீட்டு கிடந்தது. உன் பெயர் கூடுதலாக விழுந்ததால் ஒரு பெயர் எடுக்க ஆளில்லாமல் நின்றுவிட்டது. பிரித்தேன். காவ்யா.

எல்லாரும் எடுத்த பிறகு மிச்சம் கிடப்பது யாருடைய பிள்ளை, அக்கா?

மதியம் செல்வி மகளை அழைத்துப்போக வந்தாள். புதுப் புடவை, கையில் ஒரு பை பப்ஸ். காவ்யா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள்.

"நீ போம்மா. நீ ஷிப்டுக்குத்தான் போவ. இவங்க இங்கியே இருக்காங்க."

"இன்னாடி சொல்ற? யாரு இருக்காங்க?" செல்வி என்னைப் பார்த்தாள். "இன்னா மேடம், எம்புள்ள எங்கிட்டயே வரமாட்டேங்குது?"

அந்த முகத்தை நீ பார்த்தாயா? நாளெல்லாம் நின்று உழைத்து, இதற்காகத்தானே அவள் உயிரை வைத்திருக்கிறாள்? எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தான்டி உன் கிறிஸ் மாம்" என்று பொய் சொன்னேன். காவ்யா தலையணைக்கு அடியிலிருந்து கொஞ்சம் நாரும் உதிரிப் பூவும் எடுத்து நீட்டினாள். நான் கட்டினேன். நார் சுற்றுகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "நீங்க இல்ல" என்றாள்.

கடைசியில் செல்வி இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போனாள், அவ்வளவு பெரிய பெண்ணை. கேட் வரைக்கும் அது தோளுக்கு மேலே தலையை நீட்டி மாடி ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உன்மேல் கோபம் இல்லை என்றால் பொய். பட்டினி கிடந்த பிள்ளையைச் சாப்பிட வைத்தாய், கோடி புண்ணியம். ஆனால் பெற்றவள் வாசலில் நிற்கும்போது நீ ஏன் அவளை விடவில்லை? இன்னொன்றும் கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உன் புடவையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன் நான். உன் முகம்கூடத் தெரியாத ஒரு பிள்ளைக்குப் பூக்கட்டத் தெரிந்தவளுக்கு என் தலையில் ஒரு தடவை கை வைக்கத் தோன்றவில்லையா? என்னிடம் ஏன் வரவில்லை?

ஜனவரியில் காவ்யா திரும்பி வருவாள். "அனுப்பாம இருந்துடாத" என்று செல்வியிடம் கெட்டியாகச் சொல்லியிருக்கிறேன். வந்து உன்னைத்தான் தேடும். அப்போது சீப்பை எடுத்துக்கொண்டு நான் போய் நிற்பேன், என் முகத்தைப் பார்க்கச் சொல்வேன். ஏமாந்து அழுதால் அழட்டும், உயிரோடு இருக்கிறவள் மடியில் அழட்டும். செல்வியை வாராவாரம் வரவழைப்பேன், மதரிடம் சண்டை போட்டாவது. அடுத்த டிசம்பரில் உன் பெயரை எழுத மாட்டேன். எழுதாமல் விடும்போது உன்னை இன்னொரு தடவை குழியில் இறக்குகிற மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் எழுத மாட்டேன். சத்தியம்.

அந்தப் பிள்ளையிடம் இனி வராதே, அக்கா. வராமல் இருக்கவே முடியாது என்றால் என்னிடம் வா. எனக்குப் பயம்தான். ஆனாலும் வா.

நீ போனதால் வீட்டுக்கு மூத்தவளாகிப் போன
உன் தங்கச்சி,
ரெஜினா