திருப்பிக் கேட்காத மிஷின்

மதினி, இன்று காலை எட்டயபுரம் பேருந்தில் ஒருவர் வாடிய சோளப்பயிரைக் கட்டாக ஏற்றினார். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஆடுகள் செத்த வருடம் நினைவுக்கு வந்தது.

மழை பொய்த்து, பக்கத்துக் கரிசல் காட்டில் சோளம் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. "மேய்ச்சுக்கோங்க" என்றார் காட்டுக்காரர். வாடினது ஆட்டுக்கு ஆகுமா என்று உங்களுக்குச் சந்தேகம். விசாரிக்கலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டி நூலகத்துக்குப் போனீர்கள். கேட்டதற்குப் புத்தகம் பார்த்துச் சொல்லும் நூலக அம்மாவை வேலையை விட்டு எடுத்துவிட்டு, அவர் மேசையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். கேள்வியைத் தட்டினால் அதுவே பதில் சொல்லுமாம். கூட்டம் நெருக்கியது.

ஆபரேட்டர் தட்டினார். சோளம் ஆட்டுக்கு நல்ல தீவனம் என்று திரையில் வந்தது.

"இது கதிர் வராத இளசு. வாடிக் கெடக்கு. அதையும் சேத்துக் கேளுங்க" என்றீர்கள்.

"அவ்வளவு நீளமா அதுகிட்ட கேக்க முடியாதும்மா."

பின்னால் நின்ற ஜவுளிக்கடைக்காரர், "மனுசன் சொன்னா தப்பு வரும். மிஷினு சொன்னா வராது. நகருங்க" என்றார்.

வெளியே வந்ததும், "ஏட்டி, அந்தம்மா இருந்தா நம்மள நாலு கேள்வி கேட்டிருப்பாவ. ஒண்ணும் கேக்காம இது எப்பிடிப் பதில் சொல்லுது?" என்றீர்கள்.

மறுநாள் நீங்கள் மாட்டு டாக்டரைப் பார்க்கக் கடம்பூர் போனபோது அண்ணன் ஆடுகளை அங்கே ஓட்டிவிட்டான். "கம்ப்யூட்டரே சொல்லியாச்சு, அவளுக்கு என்ன தெரியும்" என்றான். வாடிய இளஞ்சோளம் விஷம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நீங்கள் திரும்பியபோது, பாதி ஆடுகள் வாயில் நுரையோடு கிடந்தன.

நூலகத்துக்குப் போய் வரிசையில் நின்றவர்களிடம் அதைச் சொன்னீர்கள். ஒருவராவது இரக்கப்படுவார் என்று நினைத்தேன். "மிஷினு சரியாத்தான் சொல்லியிருக்கும். உங்களுக்குக் கேக்கத் தெரியல" என்றார் அதே கடைக்காரர். சிரித்தார்கள், மதினி. ஒருவர் உங்கள் தோளுக்கு மேலாகவே கையை நீட்டித் தன் கேள்விச் சீட்டை ஆபரேட்டரிடம் கொடுத்தார். அந்தக் கையை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

நீங்கள் திட்டவில்லை. சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்டிருந்தார்.

"காய்ச்ச யாருக்கு?"

"எம் பிள்ளைக்கு. ஆறு மாசம் ஆகுது."

"அத இதுல எழுதலையே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

அவர் வரிசையை விட்டுப் போனார். மற்றவர்கள் ஓர் அடி முன்னே நகர்ந்துகொண்டார்கள்.

நீங்கள் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. அப்படி நகர்ந்துகொள்கிறவர்கள் மேல் எனக்குள்ள வெறுப்பு இன்னும் தணியவில்லை. ஆனால் யார் எதைக் கேட்டு வந்தாலும் என் வாயில் முதலில் வருவது "யாருக்கு?" என்பதுதான்.