மெத்தைக்காரர் பெயரில் ஏறிய ஆராய்ச்சி உதவித்தொகை

அனுப்புநர்:
மெத்தைக்காரர்,
மெத்தை, தலையணை தைக்கும் கடை,
பூட்டு ரிப்பேர் கடைக்கு மேல்மாடி,
பேருந்து நிலையத்தின் பின்வாசல் எதிரே.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
வருமான வரி அலுவலகம்,
மூன்றாம் மாடி.

பொருள்: வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் என் மனைவியின் தங்கைக்கு வரும் உதவித்தொகையை என் சம்பளம் எனக் கருதி வரி விதித்து, வங்கிக் கணக்கை முடக்கியதை நீக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த மூன்று அறிவிப்புகள்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

(தங்கள் அறைக் கதவின் பெயர்ப்பலகையை வர்ணம் பூசக் கழற்றியிருக்கிறார்கள். தவறாகக் கொள்ள வேண்டாம்.)

1. முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தங்கள் அலுவலகக் கணினியில் என் பெயருக்கு நேரே "ஆராய்ச்சியாளர்" என்று இருப்பதற்கு வேறு யாரும் காரணமில்லை, என் வாய்தான் காரணம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதில் நான்காம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். ஆழ்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. மெத்தை தைத்துப் பிழைக்கிறேன். இந்த மனுவில் உள்ள பிழைகளை என் மனைவி திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்.

2. என் மனைவியின் தங்கை, எங்களுக்குத் திருமணமான மறு ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துக் காலமாகியிருந்தார்கள். அவர் அப்போது இரண்டாம் வகுப்பு. கடையில் பஞ்சு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவார், அங்கேயே தூங்கியும் போவார். தலையில் ஒட்டிய பஞ்சோடு பள்ளிக்கூடம் போனதால் அங்கே அவருக்குக் "கிழவி" என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்பது அவருக்குப் பல வருடம் தெரியாது. (இவரை நான் வீட்டில் "அவர்" என்று சொல்வதில்லை. மனு என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று என் மனைவி கூறியதால் எழுதுகிறேன்.)

3. அப்படி வளர்ந்தவர் இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். இரவு வேலை பார்க்கும் நர்சுகள், லாரி ஓட்டுநர்கள், காவலாளிகள் ஆகியோர் பகலில் எப்படித் தூங்குகிறார்கள் என்று, அவர்கள் தலையில் ஒயர்களை ஒட்டி அளக்கிறார். அந்த அறையின் படத்தை அனுப்பியபோது, மெத்தை ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது என்று நான் சொன்னேன். "மாமா, மெத்தைய விடுங்க. மேல படுத்திருக்கிற ஆளைப் பாருங்க" என்றார். "ஆள் சரியாத்தான் இருக்காரு, மெத்தைதான் அவரைக் கெடுக்குது" என்றேன். இந்த ஆராய்ச்சிக்காக நம் நாட்டு நிதியம் ஒன்று அவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. அதை உள்நாட்டு வங்கிக் கணக்கில்தான் செலுத்துவார்கள். வினையே அங்குதான் ஆரம்பித்தது.

4. விசா கைக்கு வந்த மறுநாளே அவர் விமானம் ஏற வேண்டியிருந்தது. கணக்கு தொடங்குவதற்கான தாள்களில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வங்கியிலோ, கணக்கின் முதல் உரிமையாளர் நேரில் வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் முழித்ததைப் பார்த்து இரங்கிய ஊழியர், "உங்க பேரை முதல்ல போட்டுக்கலாங்க, அவங்க பேரு ரெண்டாவது இருக்கட்டும். குடும்பத்துக்குள்ளதானே" என்றார். நல்ல பெண். அடுத்து, "தொழில் என்னங்க?" என்று கேட்டார்.

அப்போது எனக்குப் பின்னால் வரிசையில் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். ஆட்கள் நின்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "தூக்க ஆராய்ச்சிம்மா. என் கொழுந்தியா எப்படித் தூங்குறாங்கன்னு ஆராய்ச்சி பண்றா, நான் எது மேல தூங்குறாங்கன்னு ஆராய்ச்சி பண்றேன்" என்றேன். ஊழியர் சிரித்தார், வரிசையே சிரித்தது. நானும் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். சிரித்துக்கொண்டே அவர் அதைக் கணினியில் ஏற்றியும்விட்டார் என்பது எனக்குத் தெரியாது.

5. அன்றிலிருந்து நிதியம் அனுப்பும் பணம் அந்தக் கணக்கில் விழும். விழுந்த அன்றே நான் வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அவருக்கு அனுப்பிவிடுவேன். அதில் ஒரு காசைக்கூட நான் தொட்டதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் கட்டணத்தையும் கடைப் பணத்திலிருந்தே கட்டிவந்தேன். இது என் மனைவிக்குத் தெரியாது. பிழை திருத்தும்போது தெரிந்துகொள்வார்.

6. போன வருடக் கடைசியில் தங்கள் முதல் அறிவிப்பு வந்தது. எனக்கு இவ்வளவு சம்பளம் வருகிறது, அதற்கு வரி கட்டவில்லை என்று இருந்தது. அவ்வளவு சம்பளமா என்று தெருவே வந்து பார்த்தது. பூட்டு ரிப்பேர் செய்பவர் கடன் கேட்டார். நான் தங்கள் அலுவலகம் வந்து, இது சம்பளம் அல்ல, ஆராய்ச்சி உதவித்தொகை என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு இரண்டாவது அறிவிப்பு வந்தது. உதவித்தொகை என்றால் வரி இல்லைதான், ஆனால் நான் எந்த நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்கிறேன் என்பதற்கு என் வழிகாட்டியிடமிருந்து சான்று வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

7. எங்கள் கோப்பு இரண்டாம் மாடியில், வலிக்காகக் கழுத்துப் பட்டை அணிந்திருக்கும் அதிகாரியிடம் உள்ளது. அவர் தலையணையை இரண்டாக மடித்துப் படுப்பவர் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காததைச் சொல்லக் கூடாது என்று இருந்துவிட்டேன். அவர் முகம் நிமிராமல் (நிமிர முடியாது), "உங்க வழிகாட்டி யாரு?" என்றார். பழக்க தோஷம், "என் சம்சாரந்தாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை எடுத்தார். நான் மேசைமேல் இருந்த தாளைக் கையால் மறைத்து, "ஐயா, வேணாங்க, விளையாட்டுக்குச் சொன்னேன், எழுதிடாதீங்க" என்று கெஞ்சினேன். அன்று முதல் தங்கள் அலுவலகத்துக்குள் நான் வேடிக்கையாக எதுவும் பேசுவதில்லை. வாசல் காவலருக்கு அது வருத்தம்.

8. மூன்றாவது அறிவிப்போடு கணக்கை முடக்கிவிட்டார்கள். நிதியத்திலிருந்து பணம் வருகிறது, வெளியே போவதில்லை. பெயரை மாற்றித் தாருங்கள் என்று வங்கியில் கேட்டால், "முடக்கின கணக்குல எதையும் தொட முடியாதுங்க. வரி ஆபீஸ்ல விடுவிச்சுட்டு வாங்க" என்கிறார்கள். தங்கள் அலுவலகத்தில் கேட்டால், "கணக்கு உங்க பேர்லதானே இருக்கு? பேங்க்ல முதல்ல மாத்திட்டு வாங்க" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள், உட்காரவும் சொல்கிறார்கள். இரண்டு கட்டிடத்துக்கும் நடுவே உள்ள தேநீர்க் கடையில் எனக்கு இப்போது கணக்கே இருக்கிறது. அதை யாரும் முடக்கவில்லை.

9. வெளிநாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. பல்கலைக்கழகத்தார், அவர் எங்கள் ஊழியர் அல்ல, உதவித்தொகையில் வந்தவர், ஆகவே சம்பளச் சீட்டுத் தர இயலாது என்கிறார்கள். அந்த ஊர் வரி அலுவலகம், உதவித்தொகை உங்கள் பெயரில் வருகிறது, அதற்கு உங்கள் நாட்டில் வரி இல்லை என்று கடிதம் கொண்டுவாருங்கள் என்கிறது. அந்தக் கடிதம் தங்கள் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். தங்கள் பதிவிலோ பணம் என் பெயரில் வருகிறது. ஆக, இராப்பகலாக ஆராய்ச்சி செய்கிறவருக்கு அங்கே வருமானமே இல்லை. மெத்தை தைக்கிற எனக்கு இங்கே ஆராய்ச்சியில் வருமானம். இதைச் சொல்லித் தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

10. அவர் அங்கே தங்குவதற்கான அனுமதி வருகிற புதன்கிழமையோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால், மாதந்தோறும் பணம் வருகிறது என்பதைத் தம் பெயரில் காட்ட வேண்டும். கடைப் பணத்தில் என்னால் ஆனதை அனுப்பிப் பார்த்தேன். உறவினர் கொடுக்கும் அன்பளிப்பு வருமானம் ஆகாது என்று அங்கே ஒதுக்கிவிட்டார்கள். அவர் பணம் அவருக்கு வருமானம் இல்லை, அவர் பணம் எனக்கு வருமானம், என் பணம் அவருக்கு அன்பளிப்பு. இதை என் மனைவியிடம் சொன்னபோது, "உங்க வாயைத்தான் முதல்ல கோணி ஊசியால தைச்சிருக்கணும்" என்றார். நியாயம்தான்.

11. அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் ஆகாதா என்று கழுத்துப் பட்டை அதிகாரி கேட்டார். அனுமதி நீட்டிக்காமல் கிளம்பினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அவர் தூக்கத்தை அளக்கும் ஆட்கள் எல்லோரையும் ஒரு முழு வருடம், அதே ஆட்களாகவே, அளக்க வேண்டுமாம். இன்னும் கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. அது விட்டுப்போனால் இதுவரை அளந்தது எதற்கும் உதவாது. நடுவில் நூல் தீர்ந்த மெத்தை மாதிரி என்று எனக்குப் புரியும்படி அவரே சொன்னார். நூல் தீர்ந்தால் வேறு நூல்கண்டு போட்டுத் தைக்கலாம் என்றேன். "இதுல அது முடியாது மாமா" என்றார்.

12. ஐயா அல்லது அம்மா, இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. வாராவாரம் போனில் பேசுவோம். "சாப்டியா?" என்று அவள் அக்கா கேட்டால், "ம்" என்பாள். என்ன சாப்பிட்டாள் என்று துருவிக் கேட்டதில், ஆராய்ச்சிக்கு வந்து தூங்கி எழுகிறவர்களுக்கு வைக்கும் ரொட்டியில் மீதியைச் சாப்பிடுகிறாள் என்று தெரிந்தது. வாடகை கட்ட முடியாமல் போனதால் அறையைக் காலி செய்துவிட்டு, கூட வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் தரையில் படுத்துக்கொள்கிறாள். மெத்தைக்காரன் வீட்டுப் பெண். நான் சும்மா இருக்க முடியாமல், "ஏன்டி கிழவி, அந்த அமுங்கின மெத்தைய ரெண்டு நாள் கடன் கேக்கிறதுதானே" என்றேன். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்லுவாள். இப்போது "சரி மாமா" என்கிறாள். கிண்டலுக்கு யாராவது சரி என்பார்களா.

(மேலே "அவள்" என்று எழுதியிருப்பதை என் மனைவி திருத்தாமல் விட்டுவிட்டார்.)

13. ஆகவே நான் கேட்டுக்கொள்வது: அந்தப் பணம் என் சம்பளம் அல்ல, என் மனைவியின் தங்கையின் ஆராய்ச்சி உதவித்தொகை என்று பதிவைத் திருத்தி, கணக்கை விடுவித்து, அங்கே காட்டுவதற்கு ஒரு கடிதம் புதன்கிழமைக்குள் தந்தருள வேண்டும். அவளுடைய உண்மையான வழிகாட்டியின் சான்றையும் நிதியத்தின் ஆணையையும் இணைத்துள்ளேன். நான் மெத்தைக்காரன்தான் என்பதற்கு ஆதாரமாக, தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் என் படமும் உள்ளது. வங்கியில் பொய்யான தொழில் சொன்னதற்கு அபராதம் உண்டென்றால் என் பெயருக்குப் போடுங்கள், கட்டிவிடுகிறேன். அவள் பெயருக்குப் போக வேண்டாம். இதற்கு மேல் யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் உண்மையிலேயே ஆராய்ச்சியாளர் ஆகியிருப்பேன்.

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
மெத்தைக்காரர்

இடம்: தங்கள் அலுவலகக் கீழ்த்தளக் காத்திருப்பறை
நாள்: பதினோராம் தேதி, வெள்ளிக்கிழமை

பின்குறிப்பு: இம்மனுவை வீட்டில் எழுதி முடித்துக் கொண்டுவந்தேன். கீழ்த்தளத்துச் சோபாவில் நடு இருக்கை கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. காத்திருந்த நேரத்தில் சட்டைப் பையிலிருந்த கோணி ஊசியை எடுத்து அதைத் தைக்கத் தொடங்கினேன். கூலி எதுவும் கோரவில்லை, இதை வருமானமாகக் கொள்ள வேண்டாம். அச்சமயம் கழுத்துப் பட்டை அணிந்த அதிகாரி அவர்கள், இத்தனை மாதத்தில் முதன்முறையாகத் தாமே கீழே இறங்கி வந்தார்கள். "உங்க கேஸை இன்னைக்கு முழுசாப் படிச்சேங்க. திங்கட்கிழமையே முடிச்சுக் கொடுத்துடலாம். உக்காருங்க, ரெண்டு விஷயம் கேட்டுக்கிறேன்" என்று அன்போடு கூறி, நடு இருக்கையில் அமர்ந்தார்கள். நான் அப்போது ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் உடனே எழுந்தார்கள். எழுந்த வேகத்துக்குக் கழுத்துப் பட்டை ஈடுகொடுக்கவில்லை. வியாழக்கிழமைதான் பணிக்குத் திரும்புவார்கள் என்று காவலர் தெரிவித்ததால், அவர்கள் வழியாக அனுப்பவிருந்த இம்மனுவைத் தங்களுக்கே நேரடியாகச் சமர்ப்பிக்கிறேன். ஊசி கிடைத்துவிட்டது.