பார்த்தீனியமும் வேப்பிலையும்

1-8-98, சனி
மண்டையைப் பிளக்கும் வெயில். பாலாற்றங்கரையில் பார்த்தீனியம் பிடுங்கும் வேலை. பிளஸ் டூ முடித்த எங்களையும் என்.எஸ்.எஸ். சார் கூப்பிட்டிருந்தார். சாமந்தி மாதிரி இலை, பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. பார்க்கத்தான் சாது. பக்கத்தில் ஒரு புல் முளைக்க விடாது. கையுறை தருவதாகச் சொன்னார்கள். வந்தது டீயும் பன்னும்தான்.

வியாழன் சேலத்தில் நர்சிங் கவுன்சிலிங். அன்று போகாவிட்டால் சீட் போச்சு. கிடைத்துவிட்டால் ஹாஸ்டல்தான். கூடப் படித்த சுமதியும் அவள் அப்பாவும் துணை. துவைக்க வேண்டியது: நீலச் சுடிதார்.

3-8, திங்கள்
கை, கழுத்து, முகமெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக. அரிப்பு தாங்கவில்லை. அந்தச் செடிதான், வேறென்ன.

அம்மா ஒரு பார்வை பார்த்தாள். "மாரியாத்தா வந்துக்கிறாமா." வாசலில் வேப்பிலை செருகியாச்சு. ஆடி மாசம் வேறு.

"செடி ஒத்துக்கலம்மா. டாக்டர்கிட்ட போலாம்."

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வாயக் கழுவு. ஆத்தா இருக்கிற வூட்ல மருந்து மாத்திரன்னு பேசாத."

4-8, செவ்வாய்
தாளிப்பு இல்லை, சீப்பு இல்லை, சோப்பு இல்லை. வேப்பிலைமேல் படுக்கை. அம்மை இல்லை என்றால் ஆத்தாவே இல்லை என்ற மாதிரி பார்க்கிறாள். யாரோடு வாதாட?

சுமதி வந்தாள். வேப்பிலையைப் பார்த்துத் தெருவிலேயே நின்றுவிட்டாள். "அம்மை போட்ட பொண்ண பஸ்ல எப்படி கூட்டிக்கினு போறதுன்னு அப்பா கேக்கறாருடி."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா: "மூணு தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாதுமா. நீ போய்ட்டு வா."

சர்டிபிகேட் எல்லாம் அம்மா பெட்டியில். சாவி அவள் இடுப்பில். உள்ளே இருந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

எதிர்வீட்டுக்காரி குரல்: "ஆத்தா உக்கிரமா கீது போல."

6-8, வியாழன்
இந்நேரம் என் பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். அடுத்த பேரையும் கூப்பிட்டிருப்பார்கள்.

அழுதேன். கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிச்சல். அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. மத்தியானம் பசி தாங்காமல் குடித்தேன். வெட்கம்.

8-8, சனி
தூறல். முதல் தண்ணி. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணியைக் காயவைக்க வெயில் இல்லை, அடுப்பில் சுடவைத்தாள். இதமாக இருந்தது. அது வேறு கோபம்.

ஊற்றும்போது முந்தானை விலகியது. அவள் முழங்கை வரைக்கும் அதே சிவப்பு, அதே பொரி.

"உனக்கும் ஆத்தாவா?"

"இதுவா? மாட்டுக்கு புல்லு அறுக்கசொல்ல அந்த வெள்ளப்பூ செடி பட்டுது. வருஷா வருஷம் வர்றதுதான். தேங்கா எண்ண தடவினா போய்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. செம்பு கையிலேயே நின்றது.

"அப்ப மொதல் நாளே தெரியும் உனக்கு."

முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

"உங்கப்பா போனதிலேருந்து இந்த வூட்ல நான் தனியா படுத்ததே இல்லமா."

திட்ட வாய் வரவில்லை. மன்னிக்கவும் மனசு வரவில்லை.

"கண்ண மூடிக்கோ" என்று அடுத்த செம்பைச் சாய்த்தாள். மூடிக்கொண்டேன்.