பெயர் எழுதாத பத்திரம்

ஆவணி, வியாழக்கிழமை.

முதுகு வலிக்கிறது. வேங்கிக்காலில் வாங்கப்போகும் மனைக்காக இன்று முழுக்கப் பத்திரம் எழுதுபவரின் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மனைக்கான பணம், ஏழு வருடச் சம்பளத்தில் நான் சேர்த்தது. பத்திரம் மட்டும் தம்பி பெயரில் என்று அப்பா எப்போதோ முடிவுசெய்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

எழுதுபவர் வரியை விளக்கினார். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு ஒன்பது. நாம் கொடுக்கும் விலை, அரசு வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது ஜாஸ்தியோ அதன்மேல். பிறகு என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"பத்து லட்சத்துக்குள்ளதானே சார் வருது? பாப்பா பேர்ல போட்டா ஒரு பர்சென்ட் கம்மி. பொம்பளைங்களுக்குச் சலுகை இருக்குது."

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப இவ பேர்லயே எழுதுங்க. அப்புறமா பையனுக்கு மாத்திக்கலாம்."

"மாத்தலாம் சார். ஆனா அந்தப் பத்திரத்துக்குத் தனியா ரெண்டு பர்சென்ட் ஆவும்."

அப்பா விரல்விட்டு எண்ணினார். "அதுக்கு இப்பவே பையன் பேர்ல போட்டுடலாமே!"

"என் பேர்லயே இருக்கட்டும்பா. மாத்தவே வேணாம்."

சொன்னது நான்தான். அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

வீட்டில் யாரும் பேசவில்லை. வாங்குபவர் பெயருக்கு இடம் விட்டு, பத்திரத்தின் வரைவை எழுதுபவர் கொடுத்தனுப்பியிருந்தார். நாளைக் காலையில் நிரப்பித் தர வேண்டும்.

இதே பேனாவால் இப்போது என் பெயரை நிரப்பிவிட்டேன். அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.